நாடகம் எழுதி வாழ முடியுமா?
கிரீஷ் கர்னாடின் கலைவாழ்வு காட்டும் விடை

முத்தமிழுள் ஒன்றாக நாடகத்தை வைத்துப் போற்றிய நாம், நாடகம் எழுதுபவன் எதைக் கொண்டு வாழ்கிறான் என்னும் கேள்வியை அரிதாகவே எழுப்பியிருக்கிறோம். அக்காலப் புலவனுக்குப் புரவலன் இருந்தான். கூத்தனுக்கு ஊர்ப்பொதுவும் கோயில் திருவிழாவும் இருந்தன. பிற்காலத்தில் ஊர் ஊராகச் சென்ற நாடகக் கம்பெனிகள் தம் வாத்தியாருக்குச் சோறும் சம்பளமும் தந்தன. கம்பெனிகள் மறைந்து திரைப்படம் தலையெடுத்த பின், எந்தக் குழுவையும் சாராமல், எந்த முதலாளிக்கும் கட்டுப்படாமல், தன் மனத்துக்குப் பட்டதை மேடைக்கென எழுத விரும்பிய ஒருவன் என் செய்வான்?

இவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்தவர் கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கர்னாட். 1938ஆம் ஆண்டு மே 19இல் பிறந்து 2019ஆம் ஆண்டு சூன் 10இல் மறைந்த அவர், ஒரே வாழ்வில் மூன்று தொழில்களை நடத்தினார். நாடகங்கள் எழுதினார்; திரைக்கதைகள் அமைத்தார்; பல மொழிப் படங்களில் குணசித்திர வேடங்கள் தாங்கினார். தமிழ்ப் படம் பார்ப்போருக்கு அவர் முகம் தெரியும்; பெயர் சிலருக்குத் தெரியும்; அவர் எழுதிய நாடகங்களோ மிகச் சிலருக்கே தெரியும். இந்த வரிசையைத் தலைகீழாக்கிக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மொழிகளின் நடுவே ஓர் இளைஞர்

கர்னாட் பிறந்தது பம்பாய்க்கு அருகிலுள்ள மாத்தேரான் என்னும் மலையூர். வீட்டில் பேசிய தாய்மொழி கொங்கணி. இளமையில் மராத்தியும் பழகினார். மருத்துவரான தந்தையாரின் பணி காரணமாகக் குடும்பம் சிர்சியிலும், பின்னர்த் தார்வாரிலும் வாழ்ந்தது. அங்கே ஊர்மொழி கன்னடம். கல்லூரியில் கணிதமும் புள்ளியியலும் பயின்று 1958இல் பட்டம் பெற்றார். ரோட்சு உதவித்தொகை பெற்று 1960இல் ஆக்ஸ்ஃபர்டு சென்றார். அங்கு யூனியன் எனப்படும் புகழ்பெற்ற சொற்போர் மன்றத்தின் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

சிர்சியில் கழிந்த இளமைக் காலத்தில் இருவகை நாடகங்கள் அவர் கண்ணில் பட்டன. ஒன்று, ஊர் ஊராக வந்து கொட்டகை போட்டு, வண்ணம் தீட்டிய திரைகளைத் தொங்கவிட்டு நடிக்கும் கம்பெனி நாடகம். மற்றொன்று, திறந்தவெளியில் இரவெல்லாம் நிகழும் யட்சகானம். படித்த இளைஞர் பலரைப்போல் அவரும் பிற்காலத்தில் பம்பாயில் மேல்நாட்டு நாடகங்களைப் பார்த்து வியந்தார். எனினும் சிறு வயதில் கண்டவை அழியவில்லை. அவை உள்ளே தங்கி, உரிய காலத்தில் வெளிப்பட்டன.

ஆங்கிலக் கவிஞராக விளங்கவேண்டும் என்பதே அவருடைய இளமைக் கனவு. இந்தக் கனவைக் கலைத்த நூல் எது என்று அறிந்தால் தமிழர் மகிழ்வர். இராசாசி எழுதிய மகாபாரதமே அது. தமிழில் ‘வியாசர் விருந்து’ என்று வெளிவந்து, 1951இல் ஆங்கில நூலாகவும் வந்த அப்படைப்பைப் படித்தபோது, யயாதியின் கதை இளைஞர் கர்னாடைப் பற்றிக்கொண்டது. கதைமாந்தர் தம் செவியில் நின்று பேசுவதுபோல் உரையாடல்கள் வந்து குவிந்தன என்று அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். அந்தப் பேச்சு வந்த மொழி அவர் பயின்ற ஆங்கிலமும் அன்று. வீட்டு மொழியான கொங்கணியும் அன்று. அது கன்னடமாக வந்தது. கவிதையாக வாராமல் நாடகமாக வந்தது. இவ்விரண்டையும் அவர் எதிர்பார்க்கவில்லை.

இது நாம் ஆழ்ந்து எண்ணவேண்டிய செய்தி. எழுத்தாளன் மொழியைத் தேர்ந்தெடுக்கிறான் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவன் வளர்ந்த தெருவும், கேட்ட கதையும், பார்த்த கூத்தும் கூடி அவனுக்கொரு மொழியைத் தேர்ந்துவிடுகின்றன என்பதையே கர்னாட் வரலாறு உணர்த்துகிறது.

யயாதி: பெறாத ஒருத்தியின் குரல்

‘யயாதி’ 1961இல் தார்வாரின் மனோகர கிரந்த மாலா பதிப்பகத்தால் வெளியிடப்பெற்றது. பாரதக் கதை யாவரும் அறிந்ததே. சாபத்தால் முதுமை எய்திய மன்னன் யயாதி, அம்முதுமையை ஏற்றுக்கொள்ளுமாறு தன் மக்களை வேண்டுகிறான். இளைய மகன் புரு இசைகிறான். மூலக்கதை புருவின் தியாகத்தைப் புகழ்ந்து நிறைகிறது.

கர்னாட் அங்கே ஒரு கேள்வியைச் செருகினார். புருவுக்கு மனைவி ஒருத்தி இருந்தால் அவள் கதி என்ன? சித்திரலேகை என்னும் அப்பாத்திரம் அவருடைய புதுப்படைப்பு. மணம் முடித்து மனை புகுந்தவள், ஒரே இரவில் கிழவனாகிவிட்ட கணவனைக் காண்கிறாள். அவள் மாமனாரை நோக்கிக் கேட்கும் கேள்விகளுக்கு அவனிடம் விடையில்லை. அவள் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். தந்தைக்காக மகன் செய்யும் தியாகத்தின் விலையை, தியாகம் செய்ய இசையாத மூன்றாமவர் ஒருவர் கொடுக்க நேர்கிறது.

கடல் கடந்து படிக்கச் செல்லும் மகன் திரும்பி வருவானோ என்னும் கவலை பெற்றோரிடம் இருந்த காலத்தில் எழுதப்பட்டது இந்நாடகம். பிள்ளைகள் தம் வாழ்வைப் பெற்றோர் விருப்பத்துக்கு எவ்வளவு தூரம் விட்டுக்கொடுப்பது என்னும் அன்றாடக் கேள்வி, புராண உடை அணிந்து மேடைக்கு வந்தது. பழங்கதையை எடுத்து, அதில் கேட்கப்படாத கேள்வியைக் கேட்பது என்ற வழியைப் பின்னரும் அவர் பலமுறை மேற்கொண்டார்.

சென்னையில் ஏழாண்டுகள்

ஆக்ஸ்ஃபர்டிலிருந்து 1963இல் திரும்பிய கர்னாட், ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் சென்னைக் கிளையில் பணியேற்றார். 1970வரை அங்கே இருந்தார். பகலில் பதிப்பகப் பணி. மாலையில் மெட்ராஸ் பிளேயர்ஸ் என்னும் ஆங்கில நாடகக் குழுவினருடன் நடிப்பும் இயக்கமும். கன்னட நாடக உலகின் பெரும் படைப்புகளுள் ஒன்றான ‘துக்ளக்’ வெளிவந்த 1964இல் அதன் ஆசிரியர் சென்னைவாசியாகவே இருந்தார் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

ஈண்டு ஒரு குழப்பத்தை நீக்குதல் நலம். தமிழில் துக்ளக் என்றவுடன் சோ இராமசாமியின் ‘முகமது பின் துக்ளக்’ நினைவுக்கு வரும். அது 1968இல் மேடையேறிய அரசியல் நையாண்டி. கர்னாடின் ‘துக்ளக்’ அதற்கு முற்பட்டது, தன்மையால் வேறுபட்டது. அது ஓர் அரசனின் வீழ்ச்சியைக் கூறும் துன்பியல் நாடகம்.

பதினான்காம் நூற்றாண்டுத் தில்லிச் சுல்தான் முகமது பின் துக்ளக் கல்வியிற் சிறந்தவன். மதவேறுபாடின்றி நீதி வழங்க விழைந்தவன். காலத்தை முந்திய கனவுகள் கண்டவன். தலைநகரைத் தில்லியிலிருந்து தௌலதாபாத்துக்கு மாற்றுகிறான். செப்பு நாணயத்துக்கு வெள்ளி நாணயத்தின் மதிப்பை ஆணையிட்டு வழங்குகிறான். ஒவ்வொரு திட்டமும் மக்களுக்குக் கேடாகவே முடிகிறது. நாட்டிலுள்ள வீடெல்லாம் நாணயச் சாலை ஆகிறது. கள்ள நாணயங்கள் வண்டி வண்டியாக வந்து அரண்மனை ரோசாத் தோட்டத்தில் குவிகின்றன. ஐயம் மிகுந்து, கொலை மிகுந்து, தனிமை மிகுந்து, இறுதியில் அரியணையில் அமர்ந்தபடியே உறங்கிப்போகிறான் சுல்தான். தொழுகைக்கு அழைக்கும் குரல் கேட்டு விழிக்கையில், தான் எங்கிருக்கிறோம் என்பதும் அறியாதவனாய்த் திகைக்கிறான்.

விடுதலைக்குப் பின் பெருங்கனவுகளோடு தொடங்கிய ஆட்சி, பதினைந்து பதினேழு ஆண்டுகளில் மக்கள் மனத்தில் விளைத்த ஏமாற்றத்தை அக்கால மக்கள் இந்நாடகத்தில் கண்டனர். ஆயினும் எவரையும் பெயர் சொல்லிச் சாடாமையால் நாடகம் தன் காலத்தோடு மடியவில்லை. புதிய புதிய ஆட்சிகளின்கீழ் புதிய புதிய பொருள் தந்து நிற்கிறது.

அமைப்பில் பொதிந்த கருத்து

நாடகம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குத் ‘துக்ளக்’கின் அமைப்பு நல்லதொரு பாடம். பழைய கம்பெனி நாடகங்களில் காட்சிகள் இருவகைப்படும். மேடையின் முன்புறத்தே ஒரு தெருத் திரையைத் தொங்கவிட்டு, அதன்முன் விதூடகனும் வேலையாட்களும் வந்து சிரிப்பு மூட்டுவது ஒருவகை. அப்போது திரைக்குப் பின்னால் அரண்மனைக் காட்சிக்குரிய பொருள்களை ஒழுங்கு செய்வர். திரை உயர்ந்ததும் முழு ஆழத்தோடு தர்பார் தோன்றுவது மற்றொருவகை. மேல்தட்டார்க்கு ஆழமான மேடை. எளியோர்க்கு முன்விளிம்பில் ஒரு துண்டு இடம். மேடை ஏற்பாட்டின் தேவையே சமுதாயப் பிரிவினையின் படமும் ஆகிவிட்டது.

கர்னாட் இவ்வமைப்பையே எடுத்துக்கொண்டார். சுல்தானுக்கு ஆழ்ந்த காட்சிகள். அசீசு என்னும் வண்ணானுக்கும் அவன் நண்பன் ஆசமுக்கும் முன்திரைக் காட்சிகள். நாடகத் தொடக்கத்தில், அந்தணன் ஒருவன் சுல்தான்மீதே வழக்குத் தொடுத்து வெல்கிறான். சுல்தானின் நடுநிலையை ஊர் வியக்கிறது. உண்மையில் அவ்வந்தணன் வேடமிட்ட அசீசே. சுல்தானின் ஒவ்வோர் உயர்ந்த சட்டத்திலும் ஓர் ஓட்டையைக் கண்டு அதனால் பொருளீட்டுகிறான் அவன். செப்பு நாணயம் வந்தால் கள்ள நாணயம் அடிக்கிறான். தலைநகர மாற்றம் நிகழ்ந்தால் வழிச்செல்லும் மக்களிடம் காசு பறிக்கிறான்.

நாடகம் வளர வளர, முன்திரைக்கு உரியவனான அசீசு அங்கே அடங்கி நிற்க மறுக்கிறான். கடைசியில் சுல்தானுக்கு நேர் எதிரே, ஆழ்ந்த மேடையின் நடுவில், வந்து நிற்கிறான். இருவரும் ஒருவரையொருவர் நன்கு புரிந்துகொள்கின்றனர். தண்டிக்கவேண்டிய சுல்தான் அவனுக்குப் பதவி கொடுத்து அனுப்புகிறான். பழைய அமைப்பின் எல்லை உடைவதே இங்கு நாடகத்தின் கருத்தாகிறது. உத்தி வேறு, பொருள் வேறு என்று பிரித்துக் கற்பிக்கும் வழக்கம் நமக்குண்டு. இரண்டும் ஒன்றாதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இந்நாடகம் பல இந்திய மொழிகளில் மேடையேறிற்று. 1970களில் இப்ராகிம் அல்காசி தில்லியின் பழைய கோட்டை இடிபாடுகளையே அரங்கமாக்கி நிகழ்த்தியது இந்திய நாடக வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது. முப்பது வயதுக்குள் ஆசிரியர் நாடறிந்தவரானார். ஆனால் நாடறிந்த நாடகாசிரியருக்கும் மாதச் சம்பளம் பதிப்பகத்திலிருந்தே வந்தது.

வேலையை விட்ட ஆண்டு

1970இல் கர்னாட் பதிப்பகப் பணியைத் துறந்தார். முழுநேர எழுத்தாளராக வாழ்வதென முடிவு செய்தார். ஓமி பாபா ஆய்வுநல்கை ஈராண்டுகளுக்குத் துணை நின்றது. அதே ஆண்டில் திரைப்படம் அவரைத் தேடி வந்தது.

யு. ஆர். அனந்தமூர்த்தியின் ‘சம்ஸ்காரா’ என்னும் புதினத்தைப் பட்டாபிராம ரெட்டி படமாக்கினார். சென்னை நாடகக் குழுவில் பழகிய நண்பர்கள் கூடி எடுத்த படம் அது. திரைக்கதை அமைத்ததும் கர்னாட். தலைமைப் பாத்திரமான பிராணேசாசாரியராக நடித்ததும் அவரே. சாதி ஒழுக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கும் கதையாதலின், தணிக்கைக் குழு முதலில் படத்துக்குத் தடை விதித்தது. பின்னர்த் தடை நீங்கி, 1970ஆம் ஆண்டின் சிறந்த இந்தியப் படத்துக்குரிய தேசிய விருதைப் பெற்றது. கன்னடத்தில் புதுவகைப் படங்களுக்கு வழி திறந்தது இதுவே.

அடுத்த ஆண்டு, எஸ். எல். பைரப்பாவின் புதினத்தைத் தழுவிய ‘வம்ச விருட்சம்’ படத்தைப் பி. வி. காரந்துடன் சேர்ந்து இயக்கினார். சிறந்த இயக்கத்துக்கான தேசிய விருது இருவருக்கும் கிட்டியது. ‘காடு’ (1973), ‘ஒந்தானொந்து காலதல்லி’ (1978) முதலிய படங்களும் அவர் இயக்கத்தில் வந்தன.

அதே காலத்தில் நாடகமும் நிற்கவில்லை. 1971இல் ‘ஹயவதன’ வெளிவந்தது. தேவதத்தன் அறிவாளி, கபிலன் உடல் வலிமை மிக்கவன். நண்பர் இருவரும் தலையறுத்து மாய்கின்றனர். காளியின் அருளால் உயிர்பெறுங்கால், பத்மினியின் கைகள் தலைகளை மாற்றிப் பொருத்திவிடுகின்றன. அவளுக்குக் கணவன் யார்? தலையை உடையவனா, உடலை உடையவனா? வேதாளக் கதையாக நம் நாட்டில் வழங்கியது இது. செருமானிய எழுத்தாளர் தாமசு மான் இதைக் குறுநாவலாக விரித்திருந்தார். கர்னாட் அவ்விரண்டையும் கற்று, யட்சகான மரபில் வைத்து எழுதினார். கதை சொல்லும் பாகவதர், முகமூடிகள், இருவர் பிடித்து நிற்கும் கைத்திரை ஆகியவை புதுநாடகத்துள் வந்தன. தெருக்கூத்துப் பார்த்தவர்க்குக் கைத்திரை புதியதன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மூவகை எழினிகளைக் கற்றவர்க்கோ திரையே ஒரு நாடகக் கருவி என்பது பழைய செய்தி. இந்நாடகத்தை 1972இல் சென்னை மியூசியம் தியேட்டரில் மெட்ராஸ் பிளேயர்ஸ் குழுவினர் ஆங்கிலத்தில் நடித்தனர். மொழிபெயர்த்தவர் ஆசிரியரே.

திரைக்கதையின் ஒழுங்கு வேறு

நாடகாசிரியர் திரைக்கதை எழுதுவது எளிது என்று நாம் நினைக்கலாம். இரண்டிலும் உரையாடல் உண்டே! ஆனால் மேடையில் சொல் சுமக்கும் பாரத்தைத் திரையில் முகமும் இடமும் சுமக்கின்றன. நாடகப் பிரதி ஆசிரியனின் பெயரோடு நிலைக்கும். பத்துக் குழுக்கள் பத்துவிதமாக நடித்தாலும் மூலம் கெடாது. திரைக்கதையோ இயக்குநரின் கைக்குச் சென்று படமானதும் மறைந்துபோகும். கர்னாட் இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்து, திரைக்கதையைக் கூட்டுப்பணியாகவே கொண்டார்.

சியாம் பெனகல் இயக்கிய ‘பூமிகா’ (1977) இதற்குச் சான்று. மராத்தி நடிகை அம்சா வாட்கரின் தன்வரலாற்றை அடியொற்றிய அப்படத்தின் திரைக்கதையைப் பெனகல், சத்தியதேவ் துபே, கர்னாட் மூவரும் சேர்ந்து எழுதித் தேசிய விருது பெற்றனர். ‘கலியுக்’ (1981) படத்தில் பாரதப் போர் இருபதாம் நூற்றாண்டின் இரு வணிகக் குடும்பங்களின் போட்டியாக மாறியது. பழங்கதையில் இன்றைய வாழ்வைக் காணும் அவருடைய நாடகப் பழக்கம் திரையிலும் பயன்பட்டது. ‘மிருச்சகடிகம்’ என்னும் வடமொழி நாடகத்தைத் தழுவி 1984இல் அவர் இயக்கிய ‘உத்சவ்’ வணிகத்தில் வெற்றி பெறவில்லை.

முகத்தை விற்று எழுத்தைக் காத்தல்

இனி மூன்றாம் தொழிலுக்கு வருவோம். 1975இல் பெனகலின் ‘நிசாந்த்’ படத்தில் கர்னாட் ஒரு பள்ளி ஆசிரியர். ஊர் நிலக்கிழார் வீட்டார் அவர் மனைவியைத் தூக்கிச் செல்கின்றனர். காவல் நிலையமும் அரசாங்கமும் கைவிட்ட அந்த எளிய ஆசிரியரின் ஆற்றாமையை, உரத்த அழுகையின்றி, தளர்ந்த தோள்களாலும் தயங்கும் நடையாலும் காட்டினார். 1976இல் வந்த ‘மந்தன்’ படத்தில், சிற்றூரில் பால் கூட்டுறவுச் சங்கம் அமைக்க வரும் கால்நடை மருத்துவர். குசராத்தின் 5 இலட்சம் பால் உற்பத்தியாளர் தலைக்கு 2 ரூபாய் தந்து எடுத்த படம் அது.

‘மால்குடி டேஸ்’ தொலைக்காட்சித் தொடரில் சுவாமியின் கண்டிப்பான தந்தையாக வந்தார். சென்னையில் பிறந்த ஆர். கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதிய கதைகளைக் கன்னட நடிகர் சங்கர் நாக் இந்தியில் இயக்க, 1980களில் நாடெங்கும் குடும்பங்கள் கூடிப் பார்த்தன. 1994இல் சங்கர் இயக்கிய ‘காதலன்’ தமிழ்ப் படத்தில் கதாநாயகியின் தந்தையான கொடிய ஆளுநர். 2000இல் ‘ஹே ராம்’. 2005இல் ‘இக்பால்’ என்னும் இந்திப் படத்தில், ஏழை மாணவனைப் புறக்கணிக்கும் கிரிக்கெட் பயிற்சியாளர். 2012இலும் 2017இலும் சல்மான் கான் நடித்த படங்களில் உளவுத்துறைத் தலைவர்.

ஞானபீடப் பரிசு பெற்ற ஒருவர் இத்தகைய வேடங்களிலும் நடிக்கலாமா என்று வினவியவர் உண்டு. இவ்வினா நேர்மையானதே, விடையும் நேர்மையாக இருத்தல் வேண்டும். அவர் வாழ்க்கைக்கு வேண்டிய பணம் நாடகத்திலிருந்து வரவில்லை. திரைப்படத்திலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் வந்தது. அதை அவர் மறைக்கவுமில்லை, அதற்காக வெட்கப்படவுமில்லை.

இதனால் விளைந்த நன்மையை எண்ணிப் பார்ப்போம். 1961 முதல் 2018வரை 57 ஆண்டுகளில் அவர் எழுதியவை ஏறத்தாழப் பதினைந்து நாடகங்களே. நுழைவுச்சீட்டு வருவாயை நம்பி வாழ்ந்தவராயின் ஆண்டுக்கு ஒன்று எழுதியிருக்க வேண்டும். கூட்டம் எதற்குக் கைதட்டுகிறது என்று பார்த்து எழுதியிருக்க வேண்டும். ஓர் ஆதரவாளரை நம்பியவராயின் அவர் முகம் கோணாமல் எழுதியிருக்க வேண்டும். இரண்டும் அவருக்கு நேரவில்லை. நடிகர் கர்னாட் உழைத்து ஈட்டிய பொருளால் நாடகாசிரியர் கர்னாடுக்குப் புரவலராக இருந்தார் என்று கூறலாம்.

இழப்பும் இல்லாமற் போகவில்லை. ‘ஹயவதன’வுக்கும் அடுத்த பெரும்படைப்பான ‘நாகமண்டல’வுக்கும் இடையே 17 ஆண்டுகள். இடையில் நாடகங்கள் வந்தனவெனினும் அவை முன்னவற்றின் உயரத்தை எட்டவில்லை. படப்பிடிப்புகளில் கழிந்த நாள்கள் எழுதப்படாத நாடகங்களாக இருந்திருக்கலாம். உரிமைக்கு ஒரு விலை உண்டு. அதை அவர் காலத்தால் கொடுத்தார்.

சொல்லப்படாத கதை

1988இல் வந்த ‘நாகமண்டல’ தமிழ் ஆசிரியர்க்குத் தனிச்சுவை தரவல்லது. சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்து உலகோர் கண்ணைத் திறந்த ஏ. கே. இராமானுசன், கன்னட நாட்டுப்புறக் கதைகளையும் திரட்டியவர். அவரிடம் கேட்ட இரு கதைகளே இந்நாடகத்தின் விதை. சிகாகோ பல்கலைக்கழகத்தில், இராமானுசன் பணியாற்றிய அதே இடத்தில், கர்னாட் தங்கியிருந்தபோது இது உருவாயிற்று.

தன் நாடகங்களால் பார்ப்போரைத் தூங்கவைத்த பாவத்துக்காகச் சாபம் பெற்ற ஒரு நாடகாசிரியன், பாழ்ங்கோயிலில் வந்து அமர்வதோடு தொடங்குகிறது நாடகம். ஓரிரவு முழுவதும் விழித்திருந்தால் பிழைப்பான், கண்ணயர்ந்தால் மரணம். அப்போது ஊரிலுள்ள விளக்குச் சுடர்களெல்லாம் கோயிலில் கூடி வம்பளக்கின்றன. ஒரு கிழவி சொல்லாமல் அடக்கி வைத்திருந்த கதை, பெண் வடிவங்கொண்டு வெளியேறி அங்கே வருகிறது. கேட்டவன் பிறருக்குச் சொல்வதாக வாக்களித்தால்தான் அது தன்னைக் கூறும். பூட்டிய வீட்டுக்குள் கணவனால் புறக்கணிக்கப்பட்ட இராணியையும், அவள் கணவன் உருவில் இரவில் வரும் நாகத்தையும் பற்றிய கதை அது.

கதையைக் கேட்டவன் அதைச் சொல்லாது பூட்டி வைத்தல் குற்றம் என்னும் இந்த நாட்டார் நம்பிக்கை, நம்மைப் போன்ற ஆசிரியர்க்கே கூறியதுபோல் இருக்கிறது அன்றோ?

1990இல் ‘தலெதண்ட’ வந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பசவண்ணரின் அடியார் கூட்டத்தில் அந்தணப் பெண்ணுக்கும் செருப்புத் தைப்பவர் மகனுக்கும் நிகழ்ந்த மணமும், அதனால் கலியாண நகரம் குருதியில் மூழ்கியதும் அதன் பொருள். மண்டல் அறிக்கையும் கோயில் பூசலும் நாட்டைக் கொந்தளிக்க வைத்த நாளில் அது எழுதப்பட்டது. பின்னர், பாரத வனபருவத்து யவக்கிரீதன் கதையைக் கொண்ட ‘அக்னி மத்து மளெ’ வந்தது. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ‘ஒடகலு பிம்ப’ மொழிச் சிக்கலையே மையமாகக் கொண்டது. அதுவரை கன்னடத்தில் எழுதிவந்த ஒருத்தி, ஆங்கிலப் புதினம் ஒன்றால் திடீரெனப் பெரும்பொருளும் உலகப் புகழும் பெறுகிறாள். தொலைக்காட்சி நிலையத்தில் உரையாற்றி முடித்ததும், திரையில் உள்ள அவள் உருவமே அவளைக் குறுக்கு விசாரணை செய்கிறது. புகழ்பெற்ற அப்புதினம் நோயாளியான தங்கை எழுதியது என்னும் உண்மை சிறிது சிறிதாக வெளிப்படுகிறது. தாய்மொழியில் எழுதுவோரின் ஏக்கத்தையும் ஆங்கிலத்தில் எழுதுவோரின் செருக்கையும் ஒருசேர எள்ளும் இந்நாடகத்தை, பன்மொழிச் சூழலில் வாழும் நாம் படித்தல் தகும்.

பதவியும் விடுதலையும்

அவர் பதவிகளை ஏற்காதவர் அல்லர். 1974இல் புனே திரைப்படக் கல்லூரியின் இயக்குநரானார். நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்ட 1975இலேயே அப்பொறுப்பிலிருந்து விலகினார். 1988 முதல் 1993வரை சங்கீத நாடக அகாதெமியின் தலைவர். 2000 முதல் இலண்டன் நேரு மையத்தின் இயக்குநர். 1992இல் பத்ம பூசண், 1998இல் ஞானபீடம். கன்னடத்துக்கு அது ஏழாவது ஞானபீடம். இவற்றுள் எதுவும் அவர் வாயை அடைக்கவில்லை. பொதுப் பிரச்சினைகளில் தமக்குச் சரியெனப் பட்டதை, மூக்கில் உயிர்வளிக் குழாய் பொருத்தியிருந்த கடைசி ஆண்டுகளிலும் வீதிக்கு வந்து சொன்னார். அவர் கருத்துகளோடு மாறுபட்டோர் பலர். அவர் அஞ்சி அடங்கினார் என்பார் எவருமிலர். அரசு மரியாதையும் சமயச் சடங்கும் இன்றியே அவர் விருப்பப்படி இறுதிப்பயணம் நடந்தது.

நாம் கொள்ளத்தக்கது

கர்னாடின் வாழ்க்கை எல்லாருக்கும் பின்பற்றத்தக்க சட்டம் ஆகாது. உருவமும் குரலும் கல்வியும் வாய்ப்பும் ஒருங்கே அமைதல் அரிது. எனினும் அதிலிருந்து மூன்று உண்மைகள் தெளிவாகின்றன.

முதலாவது, நாடகம் எழுதுபவனுக்கு நாடகத்திலேயே பிழைப்பு அமையாத சமுதாயத்தில், அவன் வேறு தொழில் செய்வது இழுக்கன்று. அத்தொழில் அவன் எழுத்துக்கு எசமானன் ஆகாமல் காத்துக்கொள்வதே வேண்டப்படுவது. பள்ளியில் பாடம் சொல்லிவிட்டு இரவில் நாடகம் எழுதும் நம் ஆசிரியர்களுக்கு இதில் ஆறுதல் உண்டு.

இரண்டாவது, பழங்கதையைப் போற்றுதல் வேறு. அதை வினவுதல் வேறு. புருவின் மனைவியை வினவியதால் ஒரு நாடகம் பிறந்தது. நம் காப்பியங்களிலும் பேச வாய்ப்பின்றி நிற்கும் மாந்தர் எத்தனையோ பேர். மாணவர்க்குக் கதைச்சுருக்கம் எழுதப் பணிப்பதோடு நில்லாது, அத்தகைய ஒருவரின் வாயில் ஓர் உரையாடல் எழுதப் பணித்துப் பார்த்தால் நாடகப்பாடம் உயிர்பெறும்.

மூன்றாவது, மேடை மரபு அருங்காட்சியகப் பொருளன்று. கைத்திரையும் கட்டியங்காரனும் இன்றைய கேள்விகளைத் தாங்கும் வலிமை உடையவை. ஆக்ஸ்ஃபர்டில் கற்றவர் சிர்சிக் கொட்டகைக்குத் திரும்பி வந்து அதை மெய்ப்பித்தார்.

‘காதலன்’ படத்தை மீண்டும் காண்போர் அந்த ஆளுநரின் முகத்தைச் சற்றே உற்று நோக்குக. அவ்வேடத்தால் கிடைத்த ஊதியத்தின் ஒரு பகுதி, ஏதோ ஒரு நாடகத்தின் ஏதோ ஒரு காட்சியை அவசரமின்றித் திருத்தி எழுதுவதற்கு வேண்டிய நாள்களை வாங்கித் தந்திருக்கும்.